பதினேழாவது கொழுக்கி

வூப்பர்த்தாலில் ரயில் தரையில் ஓடுவதில்லை.
இரும்புக் கால்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு வரும்.
ஃபோவிங்கல் பக்கம் ஆறு விலகிப்போக
எங்கள் தெருவுக்கு மேலாகவே வரும்,
என் இரண்டாம் மாடி யன்னலுக்கு நேராக.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை
ஒரு பெட்டி நிறைய ஆட்கள்
என் வீட்டுக்குள்ளால் போகிறார்கள்.

எட்டு மாதமாக அவர்கள் பார்ப்பது:
வயரில் தொங்கும் மொட்டை பல்ப்,
கதிரையில் உடுப்பு மலை,
மலையடிவாரத்தில் நான்.

யன்னல் சீலை வாங்கியாயிற்று.
ஒக்டோபரில், கழிவு விலையில், நீலம்.
நல்ல பஞ்சுத் துணி.
பஞ்சு பைக்குள்ளே,
பஞ்சி எனக்குள்ளே.

ஒரு சீலை தொங்குவதற்கு
எத்தனை வேண்டியிருக்கிறது!
கம்பி பூட்டத் துளை வேண்டும்.
துளைக்கு மெஷின்.
மெஷினுக்குக் கீழ்வீட்டுத் திருமதி க்ரோலிடம் போகவேண்டும்.
போவதென்றால் அவருடைய கேக் தட்டைத் திருப்பவேண்டும்.
தட்டு, குசினியில்,
மூன்று நாள் சட்டிகளுக்கு அடியில்.
யோசனை இந்த இடத்துக்கு வந்ததும்
தேத்தண்ணி போட எழும்புவேன்.
கோப்பையும்
அதே சட்டிகளுக்கு அடியில்.

சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஒரு நாளைக்கு நானூறு போர்வை மடிக்கிறேன்,
மூலைக்கு மூலை.
புதிதாய் வருகிற பிள்ளைகளுக்கு
ஸெவிம் என் மடிப்பைத்தான் எடுத்துக் காட்டுவாள்.
ஊரார் கட்டிலுக்கு ஓடுகிற அந்தக் கை
என் வீட்டு வாசலில்
சப்பாத்தோடு சேர்ந்து கழன்றுவிடுகிறது.

"சின்னச் சின்னதாய்ப் பிரிச்சுச் செய்,
ஒரு பட்டியல் எழுது" என்றாள் சுகிர்தா போனில்.
எழுதினேன். வடிவான எழுத்து.
எங்கே வைத்தேன் என்று தேடுவது
பட்டியலில் இல்லை.

துக்கமென்றால் பேர் சொல்லி அழலாம்.
இது துக்கமில்லை.
சப்பாத்துக்குள் ஒரு கல்.
குனிந்தால் எடுக்கலாம்.
எட்டு மாதமாய் நொண்டுகிறேன்.

போன சனிக்கிழமை, பின்னேரம் நாலரை இருக்கும்,
மிக்ஸர் பைக்கற் பல்லுக்குக் கிழியவில்லை.
கத்தரிக்கோல் தேடி எடுத்து வந்தேன்.
வெட்டினேன். ஒரு பிடி வாயில் போட்டேன்.
கத்தரிக்கோல் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.
பக்கத்தில் சீலைப் பை.
சும்மா,
கையிருப்பில் கத்தரிக்கோல் இருந்ததால்,
அதையும் வெட்டினேன்.

வேறொன்றும் நடக்கவில்லை.
வானம் வெளிக்கவில்லை, மனம் திரும்பவில்லை.
நீலம் மடியில் வந்து விழுந்தது,
கடை வாசத்தோடு,
என்னை விட நாலு முழம் நீளமாய்.
விழுந்ததைத் திரும்பப் பைக்குள் திணிப்பது
தொங்கவிடுவதை விடக் கஷ்டம் போலிருந்தது.

சட்டிகளைக் கழுவவில்லை.
நகர்த்தி, அந்த ஒரு தட்டை மட்டும் உருவினேன்.
ஈரம் சொட்டச் சொட்டப் படியிறங்கினேன்.
திருமதி க்ரோல் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"தொலைந்ததென்றல்லவா நினைத்தேன்" என்றார்.
மெஷினைத் தந்துவிட்டு
மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்:
ஆறுக்கு முதல்.

முதல் துளை கோணல்.
இரண்டாவது, முதலாவதைப் பார்த்துக் கோணல்.
சுவர்த் தூள் மிக்ஸருக்குள் விழுந்தது.
அதோடுதான் தின்றேன்.
பதினொரு ரயில் போனது,
ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியில் பதினேழு கொழுக்கி வேண்டியிருந்தது.
பெட்டிக்குள் பதினாறு.

வேறொரு நாளென்றால்
அந்த ஒன்று வரும்வரை
பதினாறையும் கழற்றி வைத்திருப்பேன்.
இன்று கை வலித்தது.
தொங்கட்டும் என்று விட்டேன்.

இடது மேல் மூலை
தூங்கி விழுகிறவர் தலை போலச் சரிந்திருக்கிறது.
அந்த முக்கோணத்தால்
ரயில் வெளிச்சம் உள்ளே வந்து
சுவரில் ஒருதரம் ஊர்ந்துவிட்டுப் போகிறது.
யாராவது எட்டிப் பார்க்கலாம்.
பார்க்கட்டும்.
நீலத்தை முதலில் பார்ப்பார்கள்.

பல்ப் இன்னும் மொட்டைதான்.
சட்டிகள் இருந்த இடத்திலேயே.
திருமதி க்ரோலின் மெஷின்
உடுப்பு மலையின் உச்சியில் இருக்கிறது.

திருப்பிக் கொடுக்கவேண்டும்.