சனிக்கிழமைக்காரன்

மணலி கண்டெய்னர் யார்டில் எனக்கு அந்தப் பெயர்.
வெள்ளி சாயங்காலம் சூரியன்
ஆலைப் புகைக்குள் இறங்குமுன்
டேலி ஷீட்டை மடித்துவைத்துக் கிளம்பிவிடுவேன்.
"ஞாயித்துக்கெழம கேட்டா குடுப்பேன்டா,
சனிக்கெழம எந்த ஊர் சாமிக்குடா?"
சூப்பர்வைசர் தேசப்பன்
மூன்றாம் மாதம் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.
மரியாதையாகத்தான்,
டீ வாங்கிக் கொடுத்து.

பிறகு தோள்பை.
வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் நாலு மாடி ஏறி
புகையை நிறுத்த வழி சொல்லும் புத்தகத்தை
பீடிக்கு நெருப்புக் கேட்டவரிடமே விற்றேன்.
பாதி விலை கொடுத்தார்.
மீதி இன்னும் பாக்கி.

வேதாகமக் கல்லூரிக்குக் கட்டியது
காசிமேட்டில் அம்மா நண்டு விற்ற காசு.
செதிலும் சிறகும் இல்லாதது ஆகாது:
லேவியராகமம் பதினொன்றில்
எண்பத்தெட்டு மதிப்பெண் எனக்கு.
லீவில் வந்தால்
தனிச் சட்டி, தனிக் கரண்டி, சங்கரா மீன்.
"உங்க சாமி நண்டத்தான வேணாம்னாரு,
நண்டு வித்த காச ஒண்ணும் சொல்லலியே?"
நாலு வருஷம் கிரேக்கம் படித்தவன்
முள்ளைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

தண்டையார்பேட்டையில்
வெல்டிங் பட்டறைக்கு மேலே வாடகைக் கூடம்.
சபை ஒன்பது பேர்.
மழை வந்தால் ஆறு.
நான் "பரிசுத்த" என்று தொடங்கினால்
கீழே கிரைண்டர் முடித்துவைக்கும்.
மாதாமாதம் அறிக்கை:
சந்திப்பு, வேதபாடம், ஞானஸ்நானம்.
கடைசிக் கட்டத்தில்
பதினோரு மாதம் சைபர் போட்டேன்.
"வர வர அழகா போடுற" என்றாள் பெர்சிஸ்.

பன்னிரண்டாம் மாதம் எண்ணூர் கழிமுகம்.
அனல்மின் நிலையத்தின் வெதுவெதுப்பு
இடுப்பு வரைக்கும்.
கிரேன் ஓட்டுகிற முனிரத்தினம் மூழ்கி எழுந்தான்.
வெள்ளைக் காலரில் சாம்பல் ஒரு கோடு.
"பாவம் போச்சு பாஸ்டர், இது போவாது போல."
நானும் தேய்த்துப் பார்த்தேன்.

ஏழாம் வருஷம் நேர்காணல்.
மேசைக்கு அந்தப்பக்கம் ஐந்து பேர்.
தானியேல் எட்டு, பரலோக ஆசரிப்புக் கூடாரம்,
தசமபாகம், கடன் ஏதும் உண்டா.
இரண்டாயிரத்து முந்நூறு நாளை
ஒன்றுகூடப் பிசகாமல் கணக்குச் சொன்னேன்.
"அழைப்பு நிச்சயம்தானாம்மா?"
"அழைப்பு அவருக்கு.
ராத்திரி வர்ற போனெல்லாம் எனக்கு."
ஒருவர் சிரித்தார். ஒருவர் எழுதிக்கொண்டார்.
தகரக் கூரை வீடுகளில் அவள் நடத்திய பாடங்களுக்கு
அந்தத் தாளில் கட்டமே இல்லை.

அபிஷேக நாள்.
முழங்காலிட்ட தலைமேல் பதினோரு கைகள்.
எண்ணக் கூடாதுதான், டேலி கிளார்க் புத்தி.
ஒன்று நடுங்கியது.
ஒன்றில் தைல வாசனை.
ஒன்றின் வாட்ச் என் முடியைப் பிடித்து இழுத்தது.
எதுவும் இறங்கவில்லை,
கரண்ட் போய் ஃபேன் நின்றது, அவ்வளவுதான்.
பின்வரிசையில் அம்மா.
சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு
எத்தனை சோப்புக்கும் அடங்காத விரல்களை
முந்தானைக்குள் வைத்திருந்தாள்.
மேடைக்கு அந்தக் கை வர வழியில்லை.
நான் இறங்கிப் போய்க் குனிந்தேன்.
நண்டு கடித்த தழும்போடு
பன்னிரண்டாவது.

பொழுது இறங்குமுன் முனிரத்தினத்தின் போன்:
தேசப்பன் சார் ஸ்டான்லியில் இருக்கிறார்.
கோட்டோடு அப்படியே போனேன்.
ஆக்ஸிஜன் குழாய்க்கு மேலே
ஒரு கண் மட்டும் திறந்தது.
"டேய் சனிக்கெழமக்காரா,
இன்னிக்கு உனக்கு லீவாச்சே."
ஜெபிக்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
அதற்கு ஒரு கால் குட்டை.