அடிச்சொல்

கடல் முதலில் வாசித்துவிட்டது
எங்கள் பீப்பாய்களை.
லண்டனிலிருந்து ஒன்பது வாரப் பயணம்.
பாஸ்டன் துறையில் மூடியைத் தட்டித் திறந்தபோது
மேல் தாள்களில் ஒரு வெள்ளைக் கோடு,
அலை எதுவரை படித்ததென்று
அடையாளம் வைத்ததுபோல.
என் கணவர் ஒபதியா விரல்விட்டு எண்ணினார்:
பிரசங்கம் நாற்பது பிரதி, சமையல் நூல் இருபது,
எல்லாம் தைக்காத தாள், அட்டை கிடையாது.
நனைந்தாலும் நனையாவிட்டாலும் அதே
விலை.

விலை போட்டவர் ஜெர்வேஸ் பின்ச்பெக்.
அவருக்கு இவர் எழுதிய கடிதத்தில்
நாகரிகமான வசவுகள் பதினொன்று.
எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினார்.
எனக்கு எழுத்து வராது.
ஊசி வரும், மெழுகு தடவிய நூல் வரும்.
தாளின் கீழ்க்கோடியில் வரிசை சொல்லும் எழுத்து
ஒன்று இருக்கும், அதைப் பார்த்து அடுக்குவேன்.
உப்புநீர் தின்றது
சரியாக அந்த
மூலை.

மூலை போனால் என்ன, அடிச்சொல் இருக்கிறது.
ஒவ்வொரு பக்கத்தின் காலடியிலும்
அச்சுக்கோர்ப்பவன் தனியே ஒரு சொல்லை விட்டிருப்பான்;
அடுத்த பக்கம் அதே சொல்லில் தலைதூக்கும்.
படிக்கத் தெரிய வேண்டாம்.
துவைத்த குவியலில் ஜோடிக் காலுறை தேடும் வேலைதான்.
கொல்லையில் கயிறு கட்டி
உள்பாவாடைகளுக்கு நடுவே தாள்களை உலர்த்தினேன்.
மெழுகுவத்தி இரண்டு தீரும்வரை
உருவத்துக்கு உருவம் சேர்த்தேன்.
பாம்பில் தொடங்கிச் சிலுவையில் முடியும்
நாலெழுத்துச் சொல் ஒன்று.
தேடினேன், கிடைத்தது, தைத்தேன்.
பிறகு சொன்னார்கள்:
மனித உள்ளம் அழுகாமல் காப்பது எது
என்று கேட்ட வரிக்கு அடியில் நின்றதாம்
உப்பு.

உப்பு இரண்டு கைப்பிடி,
பன்றித் தொடையில் அழுந்தத் தேய்க்கவும்.
மூன்று நாளுக்கொருமுறை புரட்டவும்.
மனம் தளர வேண்டாம், புகை மெதுவாகவே ஏறும்.
இப்படி வாசித்தாராம் டீக்கன் செருபாபேல் ஃபிட்ச்,
ஓய்வுநாள் மாலை, வீட்டார் சுற்றி உட்கார்ந்திருக்க,
குரல் மாறாமல், பாதிப் பக்கம் வரை.
கடைசிப் பையன்தான் முதலில் நிமிர்ந்தானாம்.
காலையிலிருந்து ஆறிய கஞ்சி,
பசி.

பசியா கோபமா தெரியவில்லை,
திங்களன்று கடை திறக்குமுன் கதவைத் தட்டினார்.
"உன் மனைவி நரகத்தையும் அடுப்பையும்
ஒன்றாகத் தைத்திருக்கிறாள்."
ஒபதியா நான்கு ஷில்லிங்கைத் திருப்பித் தந்தார்.
வாதக்காலைக் காட்டி எழாமல் இருந்துகொண்டார்.
பேரேட்டுக்குப் பின்னால் அவர் தோள் குலுங்கியதை
நான் பார்த்தேன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
என் தையலை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.
கத்தியெடுத்து நானே அறுத்தேன்
கட்டு.

கட்டு பிரிந்து கிடந்த புதன்கிழமை
பின்வாசல் வழியாக வந்தாள் டீக்கனின் மனைவி டிசையர்.
அந்தப் புத்தகம்தான் வேண்டுமாம்.
திருத்தித் தருகிறேன் என்றேன்.
"திருத்தாதே.
பதினெட்டு வருடமாக அவர் வாசித்துக் கேட்கிறேன்.
அடுத்த சொல் என்னவென்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியாமல் போனது."
அறுத்ததை மறுபடி தைத்தேன், அதே துளைகளில்.
சணல்பையில் மாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனாள்.
நூல்கண்டில் கொஞ்சம்
மிச்சம்.

மிச்சம் ஒரு கணக்கும் இருந்தது.
பிரசங்கத்துக்குள் அடுப்பு போயிருந்தால்
அடுப்புக்குள் பிரசங்கம் போயிருக்குமே.
ஒபதியா பேரேட்டைப் புரட்டினார்:
சமையல் நூல் ஒன்று, ரொக்கம்,
பார்படோஸ் போகும் கப்பலின் சமையற்காரன்.
பெயர் எழுதவில்லை.
எங்கோ ஆடும் தளத்தில்
ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு
பக்கம் திருப்புகிறான் அவன்.
அங்கே நித்திய நெருப்பு,
அளவு சொல்லப்படாமல், எப்போது இறக்கி வைப்பது
என்ற குறிப்பும் இல்லாமல்.
இன்றுவரை புகார் எதுவும் இல்லை.
கப்பல் வரும்போதெல்லாம் போய்க் கேட்கிறேன்.
மாலுமிகள் தோளைக் குலுக்குகிறார்கள்.
அவர்களுக்குப் பின்னால், பாதி வாசித்ததுபோல்,
கடல்.