காந்தத்துண்டு

ஓந்தாச்சிமடம் பாலம் இறங்கும் வளைவில்
நான் போய்ச் சேர முன்பே தீர்ப்புச் சொல்லியாயிற்று.
"பாருங்ககா, பழசு பழசுதான்"
ஒருவர் ஒஸ்டினின் பொனட்டைத் தட்டுகிறார்,
அது வெறும் தண்ணீர்த் தாங்கிபோல முழங்குகிறது.
எதிரே வேகன் ஆர்.
மூக்கு இல்லை, முகமும் இல்லை,
மிதிபட்ட பால்மாப் பெட்டி.
"தகரம் கூட இல்லைகா இது, கடதாசி.
இதுக்குப் போய் அஞ்சு வருசம் லீசிங்."

நான் காப்புறுதிக்காரி.
கையில் படிவம், அளவுநாடா,
உடைந்த ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்துண்டு.

ஒஸ்டினின் இடது மட்காட்டில் வைத்தேன், பற்றியது.
வலதில் வைத்தேன், வழுக்கி விழுந்தது.
கதவில், கதவின் கீழ் ஓரத்தில்,
பின் சில்லுக்கு மேலே,
விழுந்தது, விழுந்தது.
இரும்பென்று அவர்கள் தட்டியதில் பாதி பட்டி.
கடலுக்கும் வாவிக்கும் நடுவே அறுபது வருடம்
கறள் தின்னத் தின்ன
யாரோ தடவி, தேய்த்து, பூசி வந்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்:
"அந்தக் காலத்துப் பட்டியும் நல்ல பட்டிதான்."

அதே கப்பலில் வந்திறங்கிய மற்ற ஒஸ்டின்கள் எங்கே
என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.
ஒன்று கோழிக்கூடாயிருக்கும்,
ஒன்று தராசில் ஏறி இரும்பு விலைக்குப் போயிருக்கும்.
உடைந்தவை சாட்சி சொல்ல வருவதில்லை.

அதற்காகப் புதியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.
வேகன் ஆரின் ஒரு முன்விளக்கு
என் ஒரு மாதச் சம்பளம்.
பம்பரைப் பிடித்திருப்பது
பெருவிரல் நகமளவு பிளாஸ்டிக் கொளுக்கி.
மழை ஈரத்துக்கே மஞ்சள் விளக்கு எரியும்,
எதற்கென்று கராஜ்காரருக்கும் தெரியாது,
கம்பியூட்டரைக் கேட்கவேண்டும்,
கம்பியூட்டர் கல்முனையில்.

ஓட்டி வந்த பெனாசிரா டீச்சர்
மதகுக் கட்டில் குந்தியிருக்கிறா.
ஒரு செருப்பைக் காணோம், மற்றப்படி முழுசாக.
யாரோ கொடுத்த சோடா கையில் சூடாகிறது.
"முன்பக்கம் மடிஞ்சு மடிஞ்சு வந்து
என்ட முழங்காலடியில நிண்டுட்டு"
என்கிறா, உலர்ந்த துணியை மடித்து வைத்த
கதை சொல்வதுபோல.

பூபாலரெத்தினத்தாரை
களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள்.
ஒஸ்டினுக்கு ஒரு நெளிவு, உள்ளங்கையளவு.
ஸ்டியரிங் வளையவில்லை.
அது வளையாதபடியால் நெஞ்சு வளைந்தது.
விலா மூன்று.

படிவத்தில் கட்டங்கள் நிறைய:
பாகம், விலை, தேய்மானம், உற்பத்தி ஆண்டு.
அடி எங்கே போய்த் தங்கியது என்று கேட்க
ஒரு கட்டமும் இல்லை.
வேகன் ஆர்: முழு இழப்பு.
ஒஸ்டின்: சிறு சேதம், ஓடக்கூடிய நிலை.
இரண்டும் உண்மை. கையொப்பம் வைத்தேன்.
ஒஸ்டினைத் தட்டியவர் எட்டிப் பார்த்து
"நான் அப்பவே சொன்னன்" என்றார்.

பொழுது பட்டது.
காந்தத்தைக் கைப்பைக்குள் போட்டேன்,
அது சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டது.
பிரித்தெடுத்து ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.
எனக்கு முன்னால் மடிய ஒரு பொனட் இல்லை,
முட்ட ஓர் இரும்பும் இல்லை,
சட்டைப் பொத்தான் இருக்கிறது, பிறகு காற்று.
கல்லாற்றுப் பக்கமிருந்து உப்பு வீசியது.
பின்னால் ஒரு டிப்பர் ஹோன் அடித்தது.
ஒதுங்கினேன்.