மாத்திரைப் பெட்டி

முழங்கால் அறுவைக்குக் கிளம்பும்போது
ஒத்தகர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனது
அவனுடைய மாத்திரைப் பெட்டி.
திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு அறை.
திறந்தால் ஒன்றிலும் மாத்திரை இல்லை.

திங்களில் சிவப்புச் செதில் தீவனம், ஒரு சிட்டிகை.
செவ்வாயில் பாசிக் குருணை,
விரலில் ஒட்டினால் இரண்டு நாள் போகாத பச்சை.
புதனில் ஒரு துண்டுச் சீட்டு:
உறைபெட்டி, மேல்தட்டு, புழுக்கட்டி ஒன்று,
கரைத்து, அலசி, பிறகே போடு.
அப்படியே போய்
ஞாயிறு காலி.
அன்று அவற்றுக்கு விரதம்.

ரத்த அழுத்த மாத்திரைகள்
சாஸரில் கிடந்தன, எப்போதோ விழுங்கியிருக்க வேண்டியவை,
நாளும் கிழமையும் இல்லாமல்.

இருபத்திரண்டு வருடம்
ஓஸ்ட்ராவாவின் இந்த ஆறாவது மாடியில்
ரொட்டியும் சலாமியும்தான் எங்கள் இரவு.
எனக்கு பேக்கரியில் ராத்திரி ஷிப்ட்,
அவனுக்கு நாலு மணி டிராம்.
யார் அடுப்பைப் பற்றவைப்பது?
ஆனால் குளத்துப் பனி உடைந்த முதல் ஞாயிறு
என் பழைய காலுறையைக் கம்பியில் கட்டிக்கொண்டு
நீர்த்தெள்ளு அள்ளப் போய்விடுவான்.
மூக்கு சிவந்து, வாளியை இரு கையாலும் அணைத்து,
பிள்ளை பெற்றவன் மாதிரித் திரும்புவான்.
தண்ணீர்ப் புட்டியை அடியறுத்துக் கவிழ்த்து
ரேடியேட்டர் ஓரம்
உப்புநீரில் இறால் முட்டை பொரிப்பான்.
கடலே இல்லாத நாடு.
என் சமையலறையில் மட்டும் ஓதம்.

ஒரே தீனி போட்டால் வெளுத்துவிடும் என்பான்,
முதலில் போவது நீலம்.
வாயில் சலாமியை வைத்துக்கொண்டே சொல்வான்.

முதல் வாரம்
நான் திங்களையே தினமும் போட்டேன்.
டப்பா நிறைய இருந்தது, தூக்கம் கண்ணைச் சுற்றியது.
கண்ணாடிக்கு வந்து வாய் திறப்பவற்றிடம்
எப்படி இல்லை என்பது?
ஞாயிறும் போட்டேன்.

எட்டாம் நாள் பெரிய ஏஞ்சல் மீன்
வயிறு உப்பி ஒருக்களித்துக் கிடந்தது,
காற்றில்லாத கொடிபோல் துடுப்பு தொங்க.

அவன் போன் அணைந்திருந்தது. வார்டுக்கே அடித்தேன்.
நோயாளிக்கு என்ன அவசரம் என்றாள் இரவுச் செவிலி.
நோயாளிக்கு இல்லை, மீனுக்கு என்றேன்.
சிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
அதற்காகவே அவளை மறக்க மாட்டேன்.

இரண்டு நாள் பட்டினி போடு, என்றான் தூக்கக் குரலில்.
அப்புறம் பட்டாணி. ஒன்றே ஒன்று.
வேகவை, தோலை உரி, நசுக்கு.
பிறகு, முழங்காலைப் பற்றிக் கேட்கவே இல்லையே நீ.
நீயும்தான் என்னைக் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம்
இருவரும் போனில் மூச்சு மட்டும் விட்டோம்.

ஒற்றைப் பட்டாணியைப் பெரிய சட்டியில் வேகவைத்தேன்,
சின்னது கழுவாமல் கிடந்தது.
மூட்டை மூட்டையாய் மாவு தள்ளும் கை இது,
இத்தனை சிறிய வேலை அதற்குத் தெரியாது.
நகத்தால் உரித்தேன். கடுகளவாய்க் கிள்ளினேன்.
அது வாங்கியது, துப்பியது,
என்னைப் பார்த்தது,
மறுபடி வாங்கியது.

அதற்குப் பிறகு புதன் என்றால் புதன்.
இருட்டில் மட்டும் வெளிவரும் கெளுத்திக்கு
வெள்ளரி வட்டம் ஒன்றை
கல்யாணத்துக்கு வந்த முள்கரண்டியில் குத்தி இறக்கினேன்.
காலையில் கரண்டி தனியாக நின்றது,
அதில் பச்சை வளையம் ஒன்று.

ஊன்றுகோலோடு வந்தவன்
கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிமுன் நின்று எண்ணினான்.
நீலம் இருக்கிறது, என்றான்.
மேசையில் மாத்திரைப் பெட்டி, கழுவித் துடைத்தது,
ஏழு அறையிலும் அவன் மாத்திரை.
தொட்டி மூடிமேல் ஏழு முட்டைக் கிண்ணங்கள்,
ஒன்றுக்கொன்று பொருந்தாதவை, கடைசி ஒன்று கவிழ்த்தபடி.
ஞாயிறும் இருக்கே எனக்கு, என்றான்.
உனக்கு விரதம் கிடையாது.

ஒரு மணிக்காகப் பிரித்த பாக்கெட்டின் மிச்சப் பட்டாணியை
இரவு சூப் வைத்தேன், தோலோடு.
குடித்தான்.
உப்பு கம்மி, என்றான்.