முதுநகர் ஐஸ் கம்பெனி, 1966

இசைத்தட்டின் முதல் நொடியில் ஓர் அலறல் வரும்.
அலையேறியவனின் ஆனந்தம் என்று
உறையின் பின்னால் அச்சடித்திருக்கிறோம்.
அது நான்தான்.
ஈரக்காலோடு மைக்கைத் தொட்டேன்,
கரண்ட் அடித்தது.

கிட்டார் அப்படித் ததும்பிச் சொட்டுவதற்கு
எந்தக் கருவியும் எங்களிடம் இல்லை.
உப்புத்தண்ணீர் வற்றிய ஐஸ் தொட்டிக்குள்
ஸ்பீக்கர் பெட்டியை இறக்கினான் பிலவேந்திரன்.
மீன் நாற்றம் தவிர
எல்லாமே பதிவானது.

நடுவில் ஒரு மௌனம்.
உடையும் முன் அலை மூச்சுப் பிடிக்கிறது என்று
யாரோ ஒருவர் உருகிக் கடிதம் எழுதினார்.
மூன்றாம் கம்பி அறுந்தது, ஐயா.
மறுபடி எடுக்க டேப் இல்லை.

உறைப்படத்து வெள்ளைக்காரனை
கப்பல்காரன் விட்டுப்போன பத்திரிகையில் வெட்டினோம்.
இஸ்திரிப் பலகைமேல் ஏன் நிற்கிறான் என்று
வெகுநாள் யோசித்தேன்.
நூறு தட்டு போட்டோம், விற்றது பதினெட்டு.
ஒன்று எங்கள் வீட்டு எண்ணெய் டின்னுக்கு மூடி.

எங்களில் நீச்சல் தெரிந்தவன்
டிரம்ஸ் அடித்த தேசிங்கு ஒருத்தன்தான்.
விடியலில் சோனாங்குப்பத்தில்
கட்டுமரத்தின்மேல் நின்றபடியே
அலையில் வழுக்கிக் கரைசேர்வான்,
வலையை உதறிவிட்டு ஒத்திகைக்கு வருவான்.
அதற்கு ஒரு பெயர் இருப்பது அவனுக்கும் தெரியாது.
இந்த அடியில் கடல் கேட்கிறதா என்றோம்.
"கடல் இவ்ளோ ஒழுங்கா அடிக்காதுடா."

பதிவன்று, கடைசிச் சுற்றில்
கொஞ்சம் தாளம் தப்பினான்.
வேண்டுமென்றா,
ராத்திரி முழுக்கத் தூங்காததாலா,
கேட்கவே இல்லை.
முள் அந்த இடத்துக்கு வரும்போது மட்டும்
என் கால்விரல்கள்
தரையைப் பிடித்துக்கொள்கின்றன.