மேற்படி நபர்

என்னை முதலில் எழுதியவர்
ஸ்டேஷன் ரைட்டர்.
அழகுமீனாள், வயது முப்பத்தொன்று,
புதுவயல் ரைஸ்மில் கணக்குப்பிள்ளை,
மேற்படி நபர் சம்பவ நேரத்தில்
ஆபீஸ் ரூமில் இருந்ததாகவும்
பெருஞ்சத்தம் கேட்டு வெளியே வந்ததாகவும்…
ஆகவும் ஆகவும் என்று
ஒரே பக்கத்தில் என்னை முடித்தார்.
படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.
அவர் பேனா கசிந்து விரலில் ஒட்டிய நீலம்
மூன்று நாள் போகவில்லை.

அதற்குப் பின் பதினோரு மாதம்
வீட்டில் குக்கர் வைக்கவில்லை.
பக்கத்து வீட்டு விசிலுக்கும்
களத்தில் காயும் நெல்மேல்
ஓட்டுத் துண்டுகள் விழும்.
காலால் நெல் துழாவிய பெண்கள் ஓடுவார்கள்.
சேவுகன் அண்ணன் மட்டும்
ஓடமாட்டார்.

காரைக்குடி டாக்டர் மாத்திரை எழுதினார்.
எல்லோருமே எழுதினார்கள்:
இன்ஷூரன்ஸ்காரர் படிவத்தில்,
பாய்லர் இன்ஸ்பெக்டர் மூன்று நகலில்,
முதலாளி ஒரு செக்கில்.

திங்கட்கிழமை சந்தையில்
கத்தரிக்காய் வாங்கிய மிச்சத்துக்கு
நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.
பிள்ளைக்கென்று நினைத்திருப்பார் கடைக்காரர்.

கணக்கெழுதிய கை, தானாகக் கோடு கிழித்தது.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று.
இரண்டிலும் எதுவும் எழுத வரவில்லை.
பக்கத்தைத் திருப்பி
‘அவள் மில்லுக்குப் போனாள்’ என்று தொடங்கினேன்.
அவள் அவள் என்றே ஒன்பது பக்கம்.
அவளுக்குப் புழுங்கல் அவிகிற வாசம் பிடிக்கும்.
அவள் டிபன் பாக்ஸில்
சேவுகன் அண்ணன் ஊறுகாய் எடுப்பார்.
அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டே
கண்டனூர்த் திருவிழாவில் கரகம் ஆடிய கதை சொல்வார்.
சொல்லும்போதெல்லாம் கரகம்
ஒரு சாண் உயரும்.
இதெல்லாம் எங்கே போயிருந்தது?
பதினோரு மாதமாக அவர் எனக்குச்
செத்துக் கிடக்க மட்டுமே செய்தார்.

பத்தாம் பக்கத்தில் பேனா நின்றது.
நோட்டை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.
அளக்கும்போதெல்லாம் கையில் இடித்தது.

பிறகு ஒரு ராத்திரி, கரண்ட் இல்லை,
செல்போன் வெளிச்சத்தில்:

‘வால்வு ஒழுகுது ஆத்தா, அய்யாகிட்டச் சொல்லிரு’ என்றார்.
‘லோடு ஏறுதுண்ணே, நாளைக்குச் சொல்றேன்’
என்று நான் சொன்னேன்.

நான்.

ரைட்டரின் எந்த ஆகவும்-இலும் இல்லாத வரி.
எழுதிவிட்டு வாந்தி எடுத்தேன்.
வாய் கொப்பளித்து வந்து பார்த்தால்
வரி அங்கேயேதான் இருந்தது,
நோட்டில்,
முதல்முறையாக எனக்கு வெளியே.

லேசாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
ஐந்தொகை நேராகவில்லை, ஆகாது.
அண்ணன் பெண்டாட்டி வள்ளிக்கண்ணுவிடம்
அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும்.
வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன்.

இப்போது பக்கம் இருபத்தாறு.
சுவருக்கு அந்தப்புறம் குக்கர்.
முதல் விசிலுக்குப் பேனா விழுந்தது.
இரண்டாவதுக்குக் குனிந்து எடுத்தேன்.
மூன்றாவது வந்ததா தெரியாது.
அண்ணனின் கரகத்தை
இன்னொரு சாண்
உயர்த்திக்கொண்டிருந்தேன்.