கடைசி வண்டி

ஜூன் பதினொன்று, இரவு ஒன்றே கால்.
காவேரிப்பட்டணத்தை ஒட்டி
மாம்பழக் கூழ் ஆலையின் எடைமேடை அறை.
வெளியே தென்பெண்ணைப் பாலம் வரை வண்டிகள்,
பெங்களூரா காயின் பால்வாடை.
திரையில் ஒரு சாம்பல் பெட்டி:
உரிமம் முடிந்தது. விற்பனையாளரை அணுகவும்.

அணுகினேன். தூங்கிக்கொண்டிருந்தார்.
காலையில் பேசினார்:
நாற்பத்திரண்டாயிரம், வரி தனி.
உள்ளே இருப்பது எங்கள் எடை, எங்கள் பெயர்கள்.
சாவி அவரிடம்.

மூன்று இரவு நோட்டில் எழுதினேன்.
நான்காம் நாள்
மூலையில் கிடந்த பழைய பெட்டியில் லினக்ஸ் ஏற்றினேன்.
லட்சியம் கிட்சியம் ஒன்றுமில்லை.
கோபம். அப்புறம் கைவலி.

ஆலைக்குள் போனால் தெரியும்:
தொட்டி கழுவும், அவ்வளவுதான்.
கொட்டை நீக்கும் இயந்திரத்துக்கு இனிப்பு தெரியாது.
சல்லடைக்கு நார் ஒன்றே பகை.
ஒன்று கக்கியதை அடுத்தது விழுங்கும்.
நானும் அப்படித்தான் கோத்தேன்.
வரிசைப்படுத்த ஒன்று, வடிக்க ஒன்று, கூட்ட ஒன்று,
யார் யாரோ எழுதித் திறந்து வைத்துவிட்டுப் போனவை.
நடுவில் அந்த நெட்டுக்கோடு.
என்டருக்கு மேலே
ஆறு வருடமாய்த் தூசி தின்றுகொண்டிருந்த சாவி.
என் சொந்தச் சரக்கு எழுபது வரி.

எழுபதையும் வெளியே வைத்தேன்,
யாரும் எடுக்கலாம் என்று.
"ஏன் சும்மா குடுக்கற?" என்றான் ஆய்வகத்து இம்தியாஸ்.
"இதையே ஓசூர்ல வித்தா ஸ்கூட்டி வாங்கலாம்."
ஒரு நாள் சொன்னேன், நானும் சும்மா வாங்கினதுதானே.
இன்னொரு நாள் முதல் வரியைக் காட்டினேன்:
எழுதியவர் நாகவேணி, எடைமேடை எழுத்தர்.
கர்வம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலையில் ஒரு மதியம்
அஞ்செட்டித் திம்மராயன் சன்னலில் சீட்டை நீட்டினார்.
"இருபத்தெட்டாந் தேதி லோடு பட்டியல்ல இல்லையேம்மா."
தட்டிப் பார்த்தேன். இல்லை.
"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்க.
மேனேஜர் வரட்டும், பாக்கலாம்."
சீட்டை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஒரு கடிதம்.
எந்தக் கடலென்றே தெரியாத துறைமுகம்.
மீன் எடை போடுகிறவர்,
பெயரை உச்சரிக்க நாக்கு வரவில்லை.
என் எழுபது வரியில் மாம்பழத்தை எடுத்துவிட்டு
மீனைப் போட்டிருக்கிறார்.
தினமும் ஒரு படகு குறைகிறதாம். கடைசிப் படகு.
அவரே உள்ளே இறங்கித் தேடியிருக்கிறார்.
வரி முடிந்தது என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறி
கடைசி வரிக்கு இல்லையென்றால்
என் நிரல் அதை வரியாகவே மதிப்பதில்லை.
திருத்தம் ஒரே வரி.
கீழே ஒரு சிரித்த முகம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
முப்பத்திரண்டு இரவு,
முப்பத்திரண்டு கடைசி வண்டி.
கடைசியாக யார் வருவார்?
தொலைவிலிருந்து கிளம்புகிறவர்தான்.
பதின்மூன்று, திம்மராயனுடையவை.
அவர் கேட்டது ஒன்றைத்தான்.

பணம் எண்ணிக் கொடுத்த அன்று
அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.
"உங்க கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியாயிடுச்சா?" என்றார்.
"ஒருத்தர் பாத்துச் சொன்னாருங்க."
"டாக்டரா?"
"மீன்காரர்."

ஆகஸ்டில் விற்பனையாளர் மறுபடி அழைத்தார்.
முப்பதுக்கே முடித்துத் தருகிறாராம்.
மேலாளர் என்னைப் பார்த்தார்.
எனக்கு அந்தச் சாம்பல் பெட்டி நினைவுக்கு வந்தது.
ஆறு பருவம் அதற்குள் எடை போட்டோம்.
அதில் எத்தனை கடைசி வண்டி?
யாரும் உள்ளே இறங்கிப் பார்க்க முடியாது,
நானும்தான்.

"வேண்டாங்க" என்றேன்.
ஏன் என்று கேட்கவில்லை அவர்.
கேட்டிருந்தால்
இந்த முறை பதில் இருந்தது.